764 ரூபாயா, 470 ரூபாயா: சராசரிக் கூலிக் கணக்கில் எல்லைக்காரர் எந்தப் பக்கம்?

மெட்டுக் கணக்கர் (கம்பம்மெட்டு)

அனைவருக்கும் வணக்கம். ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. அதில் எந்த எண்ணைப் போடுவது என்று ஒரு வாரமாகத் தடுமாறிக்கொண்டிருக்கிறேன்.

நான் கேரளத்தில் வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் கணக்கு எழுதுபவன். விடியற்காலையில் ஜீப்பில் மெட்டு (எல்லை மலைப்பாதை) ஏறி வந்து, நாளெல்லாம் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்துக்கும் கூடலூருக்கும் இறங்கிப்போகிற பெண்களை இந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் அப்படிப்பட்ட ஒரு ஜீப் கூட்டம் கூலி உயர்வு கேட்கப்போகிறது. தமிழிலும் மலையாளத்திலும் எழுதத் தெரிந்தவன் என்பதால் என்னைத் தேடி வந்தார்கள்.

வாய்ப்பேச்சாக நடந்த முதல் சுற்றில் நான் கண்டது என்னவென்றால், இரண்டு தரப்பும் ஒரே அட்டவணையைத்தான் கையில் வைத்திருந்தன. இந்திய ரிசர்வ் வங்கி வெளியிடும் இந்திய மாநிலங்களின் புள்ளியியல் கையேட்டில், ஊரக விவசாயத் தொழிலாளரின் 2022-23ஆம் ஆண்டுச் சராசரி நாள்கூலி கேரளத்தில் 764.3 ரூபாய் என்றும், தமிழ்நாட்டில் 470 ரூபாய் என்றும், நாடு முழுவதற்கும் 345.7 ரூபாய் என்றும் இருக்கிறது. பெண்கள் தரப்பு, "நாங்கள் மிதிப்பது கேரளத்து மண், ஆகவே 764" என்றது. தோட்டத் தரப்போ, "உங்கள் வீடு தமிழ்நாட்டில், ரேஷன் அட்டை தமிழ்நாட்டில், அரிசி வாங்குவதும் அங்கேதான், அந்த ஊர்ச் சராசரி 470, நாங்கள் தருவது அதற்குக் குறைவில்லை" என்றது. இரண்டுமே அரசாங்க எண்கள் என்பதால் அதற்கு மேல் யாருக்கும் பேச்சு எழவில்லை.

நான் கேட்க விரும்புவது இதுதான். அரசு வெளியிடும் சராசரி ஊதியம் வேலை நடக்கும் இடத்துக்கு உரியதா, வேலை செய்பவரின் வீட்டுக்கு உரியதா? தினக்கூலிக்கு 433 என்றும் மாதச் சம்பளத்துக்கு 21,103 என்றும் வேறு இரண்டு எண்களையும் செய்தித்தாளில் பார்த்தேன். இவற்றில் எதை நம்புவது?

வாளையாற்றுக்காரன் (பாலக்காடு)

இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது அண்ணே? 764.3ஐ 30ஆல் பெருக்கினால் 22,929 ரூபாய். நீங்களே சொல்லும் மாதச் சம்பளச் சராசரியான 21,103ஐ விட அது அதிகம். கேரளத்தில் மண்வெட்டி பிடிப்பவர் வேறு மாநிலத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை விட அதிகம் வாங்குகிறார் என்பதற்கு அரசே சான்று தந்திருக்கிறது. அதையே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

கூடலூர் வாத்தியார் (கூடலூர், தேனி மாவட்டம்)

தம்பி வாளையாற்றுக்காரர் பெருக்கிய பெருக்கலில்தான் முதல் பிழை இருக்கிறது. அதைத் தீர்த்துவிட்டு இடத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். முப்பத்தொரு ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியவன் என்பதால் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூலி விகிதம் வேறு, ஈட்டிய வருமானம் வேறு. 764.3 என்பது ஒருவர் ஒரு நாள் வேலைக்குப் போனால் அந்த நாளுக்குக் கிடைக்கும் தொகை. அவர் மாதத்தில் எத்தனை நாள் போனார் என்ற கேள்வியே அந்தக் கணக்கில் இல்லை. 21,103 என்பது அப்படியல்ல. மாதச் சம்பளக்காரர் ஒருவர் முந்தைய நாள்காட்டி மாதத்தில் மொத்தமாக ஈட்டியதன் சராசரி. அதில் ஞாயிற்றுக்கிழமையும் அடங்கும், சம்பளத்தோடு கூடிய விடுப்பும் அடங்கும். ஒன்றை முப்பதால் பெருக்கி மற்றொன்றின் பக்கத்தில் நிறுத்துவது, படியில் அளந்த நெல்லையும் மூட்டையில் அளந்த நெல்லையும் ஒரே கணக்கில் எழுதுவதைப் போன்றது. ஏலத்தோட்டத்தில் மாசி, பங்குனியில் எத்தனை நாள் ஜீப் ஏறுகிறது என்பதை மெட்டுக்காரர் அறிவார்.

இனி, இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். ரிசர்வ் வங்கி கூலியைத் தானே விசாரிப்பதில்லை. அந்த அட்டவணைக்கு மூலம் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழுள்ள தொழிலாளர் பணியகம் மாதந்தோறும் திரட்டும் ஊரகக் கூலி விவரம். அந்த ஆண்டுக் கணக்கு 20 மாநிலங்களில் தேர்ந்தெடுத்த 600 கிராமங்களிலிருந்து வந்தது. கிராமப்புறச் சில்லறை விலைகளை விசாரிக்கும்போதே, இந்த ஊரில் இன்ன வேலைக்கு இன்று என்ன கூலி என்றும் கேட்டு எழுதுகிறார்கள். ஆகவே அது ஊரைக் கேட்ட எண். அந்த ஊரில் வேலை செய்தவர் எங்கிருந்து வந்தார் என்பது அதில் பதிவாவதில்லை.

433ம் 21,103ம் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் நடத்திவரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பிலிருந்து, 2024 ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்கு உரியவை. தினக்கூலிக் கணக்கில் அரசுப் பொதுப்பணிகள் சேரவில்லை. இந்தக் கணக்கெடுப்பு வீட்டைக் கேட்கிறது. கம்பத்தில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, அந்த வீட்டுப் பெண் கடந்த ஏழு நாளில் எந்தெந்த நாள் கூலிக்குப் போனார், அந்த நாளுக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டால், அவர் கேரளத்துத் தோட்டத்தில் வாங்கிய கூலி தமிழ்நாட்டின் சராசரிக்குள் போய் விழும். அதாவது, மெட்டுக்கு மேலே ஈட்டிய பணம் மெட்டுக்குக் கீழே உள்ள மாநிலத்தின் கணக்கை உயர்த்திக் காட்டும்.

மெட்டுக்காரர் கேட்டதற்கு என் பதில்: ஊரைக் கேட்டால் இடத்துக்கு உரியது, வீட்டைக் கேட்டால் வீட்டுக்கு உரியது. இரண்டும் அரசுக் கணக்குகள்தாம்.

தடா வழிப்பயணி (ஆரம்பாக்கம்)

வாத்தியார் ஐயா சொன்னதற்கு வடக்கு எல்லையிலிருந்து ஒரு மறுபக்கம் சொல்கிறேன். எங்கள் பகுதியிலிருந்து தினமும் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஆந்திராவின் ஸ்ரீசிட்டிக்கு ஆட்கள் போய் வருகிறார்கள். நானும் போகிறேன். ஆண்டுதோறும் எடுக்கப்படும் தொழிற்சாலைகள் கணக்கெடுப்பில் என் ஊதியம் ஆந்திரப் பிரதேசத்தின் பக்கத்தில் சேர்கிறது, ஏனென்றால் அவர்கள் தொழிற்சாலையின் கணக்குப் புத்தகத்தைக் கேட்கிறார்கள். வீட்டுக் கணக்கெடுப்பில் என் கதவைத் தட்டினால் அதே ஊதியம் தமிழ்நாட்டில் சேரும். நான் ஒருவன்தான், ஆனால் ஒரே சம்பளத்துக்கு இரண்டு மாநிலத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கணக்கெழுதுபவர்கள் செய்வது தவறென்று நான் சொல்லவில்லை. இரண்டு கணக்கையும் அருகருகே வைத்து, "ஆந்திராவில் இவ்வளவு, தமிழ்நாட்டில் இவ்வளவு" என்று ஒப்பிடுகிறவர்கள்தான் இதைக் கவனிப்பதில்லை.

தொழிற்சாலைக் கணக்கில் இன்னொன்றும் உண்டு. நேரடித் தொழிலாளிக்குக் கொடுத்த கூலியைத் தனியாகவும், மேற்பார்வையாளர், மேலாளர் வரை எல்லாருக்கும் கொடுத்த மொத்த ஊதியத்தைத் தனியாகவும் வெளியிடுகிறார்கள். பின்னதை எடுத்துத் தலைக்கு வகுத்துவிட்டு, "தொழிலாளியின் சராசரிச் சம்பளம்" என்று பெயரிடும் கட்டுரைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

வாளையாற்றுக்காரன் (பாலக்காடு)

பெருக்கல் பிழையை ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஊரைக் கேட்ட எண் இடத்துக்கு உரியது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியென்றால் 764 என்ற எண் அந்தப் பெண்களின் பக்கம்தானே நிற்கிறது? தோட்டத் தரப்பு 470ஐ எடுத்தது தவறு, பெண்கள் 764ஐ எடுத்தது சரி என்று முடித்துவிடலாமே.

கொழுந்துக்காரி மகள் (மூணாறு)

மன்னிக்கவும், இவ்வளவு பேர் பேசிய பிறகும் ஒருவரும் அட்டவணையின் தலைப்பைப் படித்ததாகத் தெரியவில்லை. அந்த 764.3 ஆண் தொழிலாளரின் கூலி. 470ம் ஆண் தொழிலாளரின் கூலிதான். ரிசர்வ் வங்கிக் கையேட்டில் விவசாயத் தொழிலாளருக்கும் கட்டுமானத் தொழிலாளருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள அந்த அட்டவணைகள் எல்லாம் ஊரக ஆண்களைப் பற்றியவை. காய் எடுக்கும் பெண்களுக்காகக் கடிதம் எழுதுகிறோம், அதற்கு இரு தரப்பும் வீசிக்கொண்டது ஆண்களின் கூலியை.

அடுத்தது, வேலையின் பெயர். தொழிலாளர் பணியகம் 2013 நவம்பர் முதல் 25 வகை வேலைகளுக்குத் தனித்தனியே கூலி திரட்டுகிறது, அவற்றில் 12 விவசாயம் சார்ந்தவை. பறிப்பு வேலை அந்தப் பன்னிரண்டில் ஒரு தனி வகை. தேயிலை, பருத்தி, புகையிலை, பிற பணப்பயிர்கள் எல்லாம் அதற்குள் ஒரே கூடையில் கிடக்கின்றன. 764 என்பது பொது விவசாயக் கூலியாளின் எண். அதாவது மண்ணைக் கொத்துவது, நீர் பாய்ச்சுவது, வரப்பு வைப்பது போன்ற வேலைக்குப் போகும் ஆண். மலையில் குனிந்து தட்டைக்கு அடியில் பழுத்த காயை மட்டும் பார்த்து எடுக்கும் பெண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதை நான் கோபமாகச் சொல்வதற்கு என் வீட்டுக் காரணம் உண்டு. 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் பெண்கள் சாலையில் உட்கார்ந்தபோது என் அம்மாவும் அங்கே இருந்தார். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாள்கூலி 232 ரூபாய். 20 சதவீத போனசும் 500 ரூபாய் கூலியும் வேண்டும் என்று கேட்டார்கள். போராட்டத்துக்குப் பிறகு கூலி 301 ரூபாய் ஆனது. அந்த நாட்களில் வெளியூரிலிருந்து வந்த பலர், "கேரளத்தில் கூலி நாட்டிலேயே அதிகம் என்று படித்தோமே" என்று வியந்தார்கள். அவர்கள் படித்தது பொய்யில்லை. கேரளத்தின் சராசரி உயர்ந்துதான் இருந்தது, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) இருந்தவர்களின் கூலி அந்தச் சராசரிக்கு வெகு கீழே இருந்தது. மாநிலத்தின் பெயரைப் பார்த்தவர்கள் லயத்தைப் பார்க்கவில்லை.

மெட்டுக் கணக்கர் (கம்பம்மெட்டு)

தங்கை சொன்னதைப் படித்துவிட்டு அட்டவணையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். கணக்கெழுதிப் பிழைப்பவன் தலைப்பை விட்டுவிட்டு எண்ணுக்குத் தாவியதற்கு வெட்கப்படுகிறேன். நேற்று ஜீப் கூட்டத்திலும் இதைச் சொன்னேன். "அப்படியானால் நாங்கள் எந்தக் கணக்கிலும் இல்லையா?" என்று ஓர் அக்கா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

களப்பணியில் இருந்தவன் (உத்தமபாளையம்)

இருக்கிறார்கள். எப்படி இருக்கிறார்கள் என்பதை நான் சொல்லலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒப்பந்த அடிப்படையில் வீட்டுக் கணக்கெடுப்புக்குப் போனவன் நான்.

காலை பத்து மணிக்கு ஒரு காலனிக்குள் நுழைந்தால், கூலிக்குப் போகும் பெண் வீட்டில் இருக்க மாட்டார். அவர் ஜீப் ஏறி ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும். திண்ணையில் மாமியார் இருப்பார், இல்லையென்றால் பள்ளிக்குப் போகாத பேரன் இருப்பான். நான் போன ஒரு வீட்டில், "உங்கள் மருமகள் கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் வேலைக்குப் போனார்?" என்று கேட்டதும் அந்தம்மா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். "செவ்வாய் போனா, புதன் மழ, வியாழன் போனா, வெள்ளி அந்தத் தோட்டத்துல கேதம்" என்று நாலாவது விரலில் நின்றுவிட்டு, "சனிக்கிழம போனாளா என்னவோ, நான் சந்தைக்குப் போயிட்டேன்" என்றார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு அவர் சொன்னது ஜீப் வாடகை போகக் கையில் வந்த தொகை. வாடகைக்கு முந்திய தொகையா, பிந்தியதா என்று நான் மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மாலையில் மறுபடி போய் மருமகளிடமே கேட்டபோது சனிக்கிழமை போயிருந்தது தெரிந்தது. இப்படி இரண்டாம் முறை போக எல்லா நாளும் நேரம் வாய்க்காது.

இதனால் அந்தக் கணக்கெடுப்பு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் மழை வாரம் வந்தால் இன்னொரு வீட்டில் அறுவடை வாரம் வரும். ஆண்டு முழுவதும் பரப்பி எடுப்பதால் மாநில அளவில் பெரும்பாலும் சமன்பட்டுவிடும். அதைக் கொண்டுபோய் ஒரு பள்ளத்தாக்குக்கோ ஒரு தோட்டத்துக்கோ பொருத்தும்போதுதான் கால் இடறுகிறது. 2025 ஜனவரி முதல் முறையை மாற்றியிருக்கிறார்கள். முன்பு சுமார் 1,02,400 வீடுகளாக இருந்த மாதிரி 2,72,304 வீடுகளாக உயர்ந்திருக்கிறது, மாவட்டத்தை அடிப்படை அலகாக வைத்து வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஊரகத்திலும் ஒரே வீட்டுக்குத் தொடர்ந்து நான்கு மாதம் போகிறார்கள். நான்காம் மாதம் போகும்போது அந்த மாமியார் சனிக்கிழமையையும் நினைவில் வைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

வாளையாற்றுக்காரன் (பாலக்காடு)

நீங்கள் எல்லாரும் சொல்வது உண்மைதான், ஆனால் பேச்சுவார்த்தை மேசை வகுப்பறை இல்லையே. தோட்டத் தரப்பு 470 என்று ஆண்களின் எண்ணைத்தான் வீசியது. நாமும் ஆண்களின் எண்ணை வீசுவதில் என்ன குற்றம்? பேரம் என்றால் பெரிய எண்ணில்தான் தொடங்க வேண்டும். கஞ்சிக்கோட்டில் நாங்கள் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது யாரும் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை.

கொழுந்துக்காரி மகள் (மூணாறு)

எதிர்த்தரப்பு ஒரு நாள் படிக்கும் அண்ணா. படித்த அன்றைக்கு அந்த ஓர் எண்ணோடு மீதிக் கடிதமும் சேர்ந்து விழும். அதோடு, 764 என்று கேட்டால் "அது ஆண்கூலி, பெண்கூலியைக் காட்டுங்கள்" என்பார்கள். அப்போது பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பதை நாமே ஒப்புக்கொண்டு பேசும் நிலை வரும். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி என்பது 1976ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்ட விஷயம். அதைக் கேட்பதென்றால் நேராகக் கேட்போம்.

புதியவன் (நெடுங்கண்டம்)

ஒரு சிறு சந்தேகம். 2025-26இல் நூறு நாள் வேலைக்குக் கேரளத்தில் 369 ரூபாய், தமிழ்நாட்டில் 336 ரூபாய், ஆந்திராவில் 307 ரூபாய் என்று இருந்தது. அரசே மாநிலவாரியாகப் போட்ட இதைச் சராசரியாக எடுத்துக்கொள்ள முடியாதா?

கூடலூர் வாத்தியார் (கூடலூர், தேனி மாவட்டம்)

முடியாது. அது அரசு ஒரு திட்டத்துக்காக அறிவித்த தொகை. யாரையும் விசாரித்துக் கண்ட சராசரி அல்ல.

சராசரி என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கடிதத்தில் அந்தச் சொல் வரப்போகிறது. ஒரு பேச்சுக்கு, ஒரு ஸ்டோரில் ஒன்பது பேர் மாதம் 12,000 ரூபாயும், மேலாளர் ஒருவர் 60,000 ரூபாயும் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி 16,800. அந்த ஸ்டோரில் 16,800 வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. பத்துப் பேரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் இருப்பவரைக் கேட்டால் 12,000 என்பார். இதை நடுமதிப்பு என்போம். பிரிட்டனில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாத நிலவரத்தை வைத்து, வரிப் பதிவேட்டிலுள்ள வேலைகளில் நூற்றுக்கு ஒன்றை எடுத்து ஊதியக் கணக்கு வெளியிடுகிறார்கள். அங்கே தலைப்பில் போடுவது நடுமதிப்பைத்தான். நம் கணக்கெடுப்பு அறிக்கைகளில் தலைப்புக்கு வருவது சராசரி. தனித்தனி வீட்டு விவரங்களையும் பெயர் நீக்கி வெளியிடுவதால், வேண்டியவர்கள் நடுமதிப்பைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் செய்தித்தாளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

விலைவாசியையும் மறக்கக் கூடாது. அதே கணக்கெடுப்பின்படி 2017 ஜூலை–செப்டம்பரில் 16,538 ஆக இருந்த மாதச் சம்பளச் சராசரி 2024 ஏப்ரல்–ஜூனில் 21,103 ஆனது. அது ஏறத்தாழ 28 சதவீத உயர்வு. தினக்கூலி 294இலிருந்து 433 ஆனது. அது 47 சதவீதம். இதே காலத்தில் நுகர்வோர் விலைக் குறியீடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஆகவே மாதச் சம்பளக்காரர் கையில் நோட்டு கூடியது, அந்த நோட்டு வாங்கும் அரிசி குறைந்தது. தினக்கூலிக்காரருக்குச் சற்று மிஞ்சியது, அதுவும் வேலை கிடைத்த நாளில். தோட்டத் தரப்பு இரண்டு மூன்று ஆண்டுக்கு முந்தைய எண்ணை இன்றைக்கு எடுத்து வீசினால், எந்த ஆண்டின் எண் என்று முதலில் கேளுங்கள்.

தடா வழிப்பயணி (ஆரம்பாக்கம்)

ஐயா, இன்னொரு பொறியும் உண்டு. ஆட்குறைப்பு நடந்தாலும் சராசரி ஏறும். குறைந்த சம்பளக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டால் மிஞ்சியவர்களின் சராசரி தானாக உயர்ந்துவிடும், ஒருவருக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடியிருக்காது. 2020இல் ஊரடங்குக்குப் பிறகு பல நாடுகளில் சராசரி ஊதியம் ஏறியதாகத் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் தொழிற்சாலைப் பேருந்தில் இருக்கைகள் காலியாகக் கிடந்த மாதங்களில் எங்கள் பிரிவின் சராசரி ஏறியிருந்தால் நான் வியந்திருக்க மாட்டேன்.

களப்பணியில் இருந்தவன் (உத்தமபாளையம்)

மெட்டுக்காரரே, புள்ளிவிவரத்தை ஒரு நிமிடம் ஓரமாக வையுங்கள். தோட்டத் தரப்பு சொன்ன "உங்கள் வீடு தமிழ்நாட்டில்" என்ற வாதத்துக்குப் பதில் எந்தச் சராசரியிலும் இல்லை. குறைந்தபட்சக் கூலி வேலை நடக்கும் இடத்தைப் பொறுத்தது. தோட்டத் தொழிலுக்குக் கேரள அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்சக் கூலி, அந்த மாநிலத்தில் உள்ள தோட்டத்தில் வேலை செய்யும் எவருக்கும் பொருந்தும். அவர் இரவு எந்த மாநிலத்தில் தூங்குகிறார் என்று அந்த அறிவிப்பு கேட்பதில்லை. 470 என்ற எண்ணை அவர்கள் எடுத்தபோதே இதைச் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அறிவிப்பின் நகலைத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அகவிலைப்படியோடு சேர்த்துப் பார்த்துவிட்டுக் கடிதத்தின் முதல் வரியில் அதைப் போடுங்கள். புள்ளிவிவரம் எல்லாம் அதற்குப் பிறகு.

மெட்டுக் கணக்கர் (கம்பம்மெட்டு)

எல்லாருக்கும் நன்றி. இந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

எந்தக் கணக்கிலாவது நாங்கள் இருக்கிறோமா என்று கேட்ட அந்த அக்காவிடம், வேலைக்குப் போன நாளை எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பால் கணக்கு எழுதும் சிறிய நோட்டு ஒன்றை எடுத்துவந்தார். இடது பக்கம் பால், வலது பக்கம் வேலை. போன நாளுக்கு ஒரு கோடு, அரைநாளுக்குப் பாதிக் கோடு, மழையால் பாதியில் இறங்கிய நாளுக்கு ஒரு சுழி. சம்பளம் வாங்கிய சனிக்கிழமைகளில் தொகை எழுதி, பக்கத்தில் ஜீப்புக்குக் கொடுத்ததையும் எழுதியிருந்தார். அரசாங்கத்துக் கணக்கெடுப்பாளர் மூன்று முறை மாற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இவர் ஒரே வரியில் வைத்திருக்கிறார்.

உட்கார்ந்து கூட்டினோம். ஆவணியிலும் புரட்டாசியிலும் மாதம் 24, 25 நாள் வேலை இருந்திருக்கிறது. பங்குனியில் 6 நாள்தான். அரைநாட்களைச் சேர்த்து ஆண்டுக்கு 187 நாள். வாளையாற்றுத் தம்பியின் பெருக்கலை இந்த நாட்களோடு திரும்பச் செய்து பார்த்தேன். அவருக்கு அந்த 764.3 ரூபாயே முழுதாகக் கிடைத்ததாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 1,42,924 ரூபாய், மாதத்துக்கு 11,910 ரூபாய் வருகிறது. 22,929க்கும் 11,910க்கும் நடுவில் இருப்பது முழுக்க மழையும் பங்குனியும்தான். நோட்டில் உள்ள உண்மைத் தொகை அதற்கும் கீழே. அதை இங்கே எழுத அவர் வேண்டாம் என்றார்.

இப்போது ஜீப்பில் வரும் மற்றவர்களும் அதேபோல நோட்டுப் போடத் தொடங்கியிருக்கிறார்கள். கடிதத்திலிருந்து 764ஐயும் எடுத்துவிட்டேன், 470ஐயும் எடுத்துவிட்டேன். முதல் வரியில் கேரள அரசின் தோட்டக் கூலி அறிவிப்பு. இரண்டாவதாக, தொழிலாளர் பணியகத்தின் பறிப்பு வேலை வகையில் பெண்களுக்கான கூலி, எந்த ஆண்டு, எந்த மாதம் என்ற விவரத்தோடு. மூன்றாவதாக, அந்த நோட்டிலிருந்து பன்னிரண்டு மாத நாட்கணக்கு. கேட்பதில் நாள்கூலி உயர்வோடு, வேலையில்லா மாதங்களில் வாரத்துக்குக் குறைந்தது இத்தனை நாள் வேலை என்ற உறுதியும் சேர்ந்திருக்கிறது. இது என் யோசனை இல்லை, கூட்டிமுடித்த தாளைப் பார்த்துவிட்டு அந்த அக்கா சொன்னது.

வாளையாற்றுக்காரன் (பாலக்காடு)

நல்லது அண்ணே, நான் தோற்றுவிட்டேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன். அந்த நாட்கணக்குக்குப் பக்கத்தில் எழுதிய கூலி ஜீப் வாடகைக்கு முந்தியதா, பிந்தியதா?

மெட்டுக் கணக்கர் (கம்பம்மெட்டு)

முந்தியது. வாடகை தனி வரியாக, கழிக்காமல், அதற்குக் கீழே இருக்கிறது. யார் கொடுக்க வேண்டும் என்பது அடுத்த சுற்றில் பேச வேண்டிய விஷயம்.